நாற்பத்தோராம் நம்பர் கார்

அத்தியாயம் 9

பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைவிடக் காரைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். கேலிக்கு எழுதியதாக நினைத்திருப்பீர்கள். சத்தியமாக இல்லை. பழனியில் லாட்ஜ் வைத்திருக்கும் கண்ணுசாமி, தன் மகனுக்குப் புகையிலை வியாபாரி மலைச்சாமியின் மகள் சண்முகவள்ளியைக் கேட்டு வந்த அன்று, காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். காபி ஆறிப் போகிற வரைக்கும் அங்கேயேதான் நின்றார்.

"ஏனுங்க, காரு ஓடாட்டியும் பரவால்லீங்க. அந்த நம்பரு எங்க லாட்ஜ் வாசல்ல நிக்கோணும்" என்று வாய்விட்டே கேட்டார்.

நம்பர் 41. வெள்ளைக்காரன் காலத்தில், ஜில்லாவில் ஓடிய கார்களை விரல்விட்டு எண்ணிய காலத்தில், மலைச்சாமியின் ஆஸ்டின் காருக்குக் கிடைத்த நம்பர். திண்டுக்கல்லில் அவரைவிடப் பெரிய புகையிலை வியாபாரிகள் பத்துப் பேராவது இருப்பார்கள். ஆனால் அவர் வீட்டுக்குத்தான் 'நாப்பத்தொண்ணு வீடு' என்று பெயர். தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் அவள் அந்தக் காரில்தான் புருஷன் வீட்டுக்குப் போவாள். அதில் ஏறிப் போன பெண் எவளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி வந்ததில்லை என்று ஊரில் ஒரு பேச்சு.

வெள்ளிக்கிழமைதோறும் மலைச்சாமி குளித்துவிட்டு வந்து நம்பர் பலகைக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார். நாலு எது, ஒன்று எது என்று தெரியாத அளவுக்குப் பூசுவார். வழியில் நிற்கும் போலீஸ்காரரும் அந்தச் சந்தனத்தைப் பார்த்ததும் சலாம் வைத்து அனுப்பிவிடுவார்.

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். அன்று புதன்கிழமை.

மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் மாதத்தில் இரண்டு நாள் திண்டுக்கல்லுக்கு வந்து, மலைக்கோட்டை அடிவாரத்து மைதானத்தில் மேஜை போட்டு உட்காருவார். வண்டிக்குப் பேர் மாற்றுவதெல்லாம் அங்கேதான். காரைச் சீராகக் கொடுப்பதால் அதைப் பெண் பேருக்கு மாற்ற வேண்டும். அதனால் சண்முகவள்ளியும் அப்பாவோடு வந்திருந்தாள். சம்பந்தி கண்ணுசாமியும் பழனியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, வேப்பமரத்தடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவரைப் போல அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"மூடியைத் தூக்குங்க. சேஸிஸ் நம்பர் பார்க்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

வண்டியின் இரும்புச் சட்டத்தில் கம்பெனிக்காரன் அடித்து அனுப்பும் எண் அது. பலகையை மாற்றிவிடலாம், அதை மாற்ற முடியாது. இன்ஸ்பெக்டர் துணியால் எண்ணெய் அழுக்கைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். குமாஸ்தா பதிவுப் புத்தகத்தைப் பார்த்து எண்ணை வாசித்தார். இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை புத்தகத்தையே வாங்கித் தானே பார்த்தார்.

"இது நாப்பத்தொண்ணு இல்லைங்களே?"

மலைச்சாமி சிரித்தார். "பலகையில போட்டிருக்குல்ல சார்?"

"பலகையில போட்டிருக்கு. வண்டி வேற. நம்பரை அந்த வண்டிக்குத்தான் கொடுத்திருக்கு. உங்க குடும்பத்துக்குக் கொடுக்கலை."

வேப்பமரத்தடியில் கண்ணுசாமி எழுந்து நின்றார்.

இன்ஸ்பெக்டர் கோபக்காரர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். பலகையை மாற்றியது யார், எப்போது, எப்படி என்று எழுதி, கார் யார் பேருக்கு மாறுகிறதோ அவர் கையெழுத்துப் போட்டு ஐந்து மணிக்குள் தர வேண்டும். இல்லாவிட்டால் விஷயம் போலீசுக்குப் போகும். டிரைவர் எவனாவது செய்த வேலையாக இருந்தால் அவன் லைசென்ஸ் ரத்தாகும். அதுவரைக்கும் கார் மைதானத்தைவிட்டு நகரக் கூடாது.

'டிரைவர்' என்ற சொல் காதில் விழுந்ததும் மலைச்சாமிக்கு மூச்சு வந்தது.

"அதான் சார்! அந்த ஆண்டிச்சாமி பயதான்! பதினோரு வருசத்துக்கு முந்தி பலகையக் கழட்டுனான்னு வீட்டவிட்டு வெரட்டுனேன் சார். ரிப்பேருக்குன்னு மதுரைக்குக் கொண்டு போனான். எங்காரை வித்துப்புட்டு, வேற வண்டியில நம்ம பலகைய மாட்டிக் கொண்டாந்திருக்கான்!"

"பதினோரு வருஷமா உங்களுக்குத் தெரியலையா?"

"நான் உள்ள உக்காந்து போறவன் சார். அடியில குனிஞ்சா பாத்துக்கிட்டிருப்பேன்?"

கண்ணுசாமி பக்கத்தில் வந்து, "அடப் பாவிப் பயலே! தின்ன சோத்துக்கு இப்படியுமா பண்ணுவானுங்க?" என்று சம்பந்திக்காக வருத்தப்பட்டார். வருத்தம் உண்மையானதுதான். நல்ல மனுஷர்.

மைதானத்து ஓரத்தில் ஒரு பெஞ்சு. சண்முகவள்ளி காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். மலைச்சாமிக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். காந்திகிராமத்தில் படித்த மகள் இருக்கும்போது அவருக்கு என்ன கவலை? பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள்.

"எங்களிடம் டிரைவராக இருந்த ஆண்டிச்சாமி என்பவர்... எழுதிட்டியா? என்பவர், 1951ஆம் வருஷம் ஆனி மாசம், எங்களுக்குத் தெரியாம பலகைய... ம், எழுது. நீதான் பாத்தியே, அதையும் சேத்து எழுது. 'கழட்டினதை நான் என் கண்ணால் பார்த்தேன்'னு போடு. கண்ணால பாத்த சாட்சி இருந்தா கேசு நிக்கும்."

பேனா 'நான்' என்ற சொல்லில் நின்றது.

அவள் பார்த்தது நிஜம். அப்போது அவளுக்குப் பத்து வயது. மத்தியானம் வீடே தூங்கிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் ஆண்டிச்சாமி அண்ணன் குந்தி உட்கார்ந்து, நம்பர் பலகையின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நாலு நாள் கழித்து மாமன் வீட்டார் வந்திருந்தார்கள். காரின் ஸீட்டு நிறம் மாறியிருக்கிறதே, இது பழைய கார்தானா என்று மாமன் கேட்டார். கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். பெரியவர்கள் பேச்சில் தானும் ஒன்று சொல்லிப் பெருமை வாங்கிக்கொள்ளும் ஆசையில், "ஆண்டி அண்ணந்தான் பலகையக் கழட்டுனாரு, நான் பாத்தேன்!" என்று அவள் கத்தினாள்.

அவ்வளவுதான். அந்தப் பேச்சை அப்பா பிடித்துக்கொண்டார். பலகையைக் கழற்றி விற்கப் பார்த்தவன் என்று அன்றைக்கே ஆண்டிச்சாமியை வாசலோடு அனுப்பிவிட்டார். காரைப் பற்றி மாமன் கேட்ட கேள்வி மறந்து போயிற்று. ஊர் முழுக்க, டிரைவர் திருடன் என்ற பேச்சுத்தான் மிஞ்சியது.

ஆனால் கழற்றிய திருகாணிகளை ஆண்டி அண்ணன் கீழே வைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பக்கத்தில் நின்ற இன்னொருவர் கையில் வைத்தார். நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கையில் அப்பாவின் பவள மோதிரம் இருந்தது.

அதையும் அவள் பார்த்திருந்தாள். கூடத்தில் அதைச் சொல்ல வாயெடுத்தபோது அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை, பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் பத்து வயது பதினைந்தாகி, இருபத்தொன்றும் ஆகிவிட்டது. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று தனக்குத் தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாயிற்று. எல்லாம் தெரியும். அன்றைக்கும் தெரியும்.

"அப்பா, அந்தக் காரு என்ன ஆச்சு? நெசத்தச் சொல்லுங்க."

மலைச்சாமி சம்பந்தி இருக்கும் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்சின் வெடிச்சுப் போச்சுத்தா. திருச்சியில அதே மாதிரி ஒண்ணு கெடச்சுது. வித்துட்டு வேற வாங்குனோம்னா ஊரு என்ன சொல்லும்? நாப்பத்தொண்ணு வீடுங்கிற பேரு என்னாகும்? அந்த நம்பர்ல ஏறிப் போன பொண்ணுகளெல்லாம் நல்லா இருக்குதுகளே, அது நம்ம நம்பரோட ராசிதான? பலகைய மட்டும் மாத்துனேன். யாருக்கு என்ன நட்டம்?"

"ஆண்டி அண்ணனுக்கு?"

"அவன் பேரு ஏற்கெனவே கெட்டுத்தான கெடக்கு? புதுசா என்ன கெடப் போவுது? எழுதுத்தா."

இந்த வார்த்தையை மலைச்சாமி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்குச் சரியாக இருக்கிறது என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அவர் மேல் வருகிற ஆத்திரமே அதனால்தான்.

சண்முகவள்ளி காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. வாரேன்."

நாகல்நகரில் ஆண்டிச்சாமியின் வீட்டைக் கண்டுபிடிக்க அவள் நாலு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. அவருடைய மனைவி பேச்சாயி வாசலில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் அவள் கை நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகக் கட்டத் தொடங்கியது.

"கல்யாணத்துக்குப் பூச் சொல்ல வந்தியாக்கும்? உங்க வீட்டுக்கு நான் கட்டறதில்ல."

"அண்ணனப் பாக்கணும் அக்கா."

ஆண்டிச்சாமி காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வெளியில் வந்தார். தலை நரைத்திருந்தது. திண்டுக்கல்லில் ஒருவரும் வண்டியை நம்பித் தராமல், ஒன்பது வருஷம் கீரனூர்ப் பக்கம் டிராக்டர் ஓட்டி, இரண்டு வருஷமாகத்தான் பழனி போகிற பஸ்ஸில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். மூன்றரை மணிக்கு வண்டி எடுக்க வேண்டும்.

"வா தாயி. பெரிய பொண்ணாயிட்ட" என்றார். 'உட்கார்' என்று சொல்லவில்லை.

நின்றபடியே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இன்ஸ்பெக்டர், சேஸிஸ் நம்பர், மடியில் எழுதிய காகிதம். லைசென்ஸ் ரத்தாகும் என்றதையும் சொன்னாள்.

"அன்னிக்கு நான் பாத்ததுல பாதியத்தான் சொன்னேன் அண்ணே. அப்பா கையி நீட்டியிருந்ததையும் பாத்தேன்."

"தெரியும்."

அவள் நிமிர்ந்தாள்.

"கொட்டகைக் கதவோரம் நீ நின்னத நானும் பாத்தேன் தாயி. பாவாடை தெரிஞ்சுது. மொதலாளிதான் பாக்கல." ஆண்டிச்சாமி கடைசிப் பொத்தானைப் போட்டார். "அன்னிக்கு வெளிய போன்னு சொன்ன பெறகும் வாசல்ல செத்த நேரம் நின்னேன், ஞாவகம் இருக்கா? மொதலாளி வாயத் தொறப்பாருன்னு நிக்கல. அவரு சொல்ல மாட்டாரு, எனக்குத் தெரியும். நீ சொல்லுவேன்னுதான் நின்னேன்."

சண்முகவள்ளிக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். எதையோ மறந்துவிட்ட பிள்ளைக்கு ஞாபகப்படுத்துகிற குரலில் அல்லவா சொல்கிறார்!

"எம்மவ காதுகுத்துக்கு ஒரு சனம் வரல" என்றாள் பேச்சாயி, பூவைப் பார்த்தபடியே. "வெத்தலைக் கடைக்காரன்கூட என்னையப் படி ஏற விடல. திருடன் பொண்டாட்டியாம். நீ அம்புட்டுத் தூரம் யோசிச்சிருக்க மாட்ட. சின்னப் பிள்ளதான."

"பேச்சாயி, விடு" என்றார் அவர். பிறகு சண்முகவள்ளியிடம், "நீ எழுதறத எழுது தாயி. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மைதானத்துக்கு அவள் திரும்பியபோது மணி நாலரை. அப்பா எழுந்து வந்தார். அவள் அவரைத் தாண்டிப் போனாள். எழுதியிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, குமாஸ்தாவிடம் வேறு காகிதம் வாங்கினாள். இன்ஸ்பெக்டர் மேஜையிலேயே நின்று எழுதினாள். இந்தத் தடவை யாரும் சொல்லித் தரவில்லை. எழுதி முடித்ததும், சம்பந்திக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்தாள்.

"'...பலகையைக் கழற்றியவர் ஆண்டிச்சாமி. அப்படிக் கழற்றும்படி சொல்லிப் பக்கத்தில் நின்றவர் என் தந்தை மலைச்சாமி. கார் மாறிய விஷயமும் அவருக்குத் தெரியும். ஆண்டிச்சாமி மேல் ஒரு குற்றமும் இல்லை. எனக்கு இது பத்து வயதிலிருந்து தெரியும். சொல்லாமல் இருந்தது என் தப்பு.'"

"ஏத்தா!" மலைச்சாமி மேஜையைப் பிடித்துக்கொண்டார். "கல்யாணம் முடியட்டும்தா. அப்பறம் நானே சொல்லிர்றேன். என்னைய இன்னிக்கு விட்ரு."

"ஆண்டி அண்ணனும் அன்னிக்கு இப்படித்தான் வாசல்ல நின்னாருப்பா."

அவள் கையெழுத்துப் போட்டாள். இன்ஸ்பெக்டர் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு மலைச்சாமியை நிமிர்ந்து பார்த்து, "நீங்க சொல்லுங்க. இது சரிதானா?" என்றார்.

மலைச்சாமியின் தலை ஆமென்று அசைந்தது. அதுவும் குமாஸ்தாவுக்குப் போதுமானதாக இருந்தது, எழுதிக்கொண்டார்.

கண்ணுசாமி அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டார். காரை ஒரு தடவை பார்த்தார், பெண்ணை ஒரு தடவை பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் சண்முகவள்ளியைச் சரியாகப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

"வூட்ல கலந்துக்கோணுமுங்க. வெள்ளிக்கிழமை சொல்லி அனுப்பறனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். 'சம்பந்தி' என்று அவர் சொல்லவில்லை. அதை அப்பாவும் மகளும் கவனித்தார்கள்.

கார் மைதானத்திலேயே நின்றது. அப்பாவும் மகளும் வீட்டுக்கு நடந்தார்கள். மலைச்சாமி கடைவீதியில் நடந்து பல வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் எழுந்து கும்பிட்டார்கள். அவரால் நிமிர முடியவில்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி போனார்.

வெற்றிலைக் கடை பொம்மையன் கல்லாவைவிட்டு இறங்கி ஓடி வந்தான்.

"என்னங்கய்யா, வெயில்ல நடந்து வாரீக? காரு என்னாச்சுங்கய்யா?"

மலைச்சாமி நின்றார்.

"அது ஒண்ணுமில்லப்பா, டிரைவர்ப் பய..."

பதினோரு வருஷப் பழக்கம். அவர் நினைப்பதற்கு முன்னால் நாக்கு சொல்லிவிட்டது. தன் வாயிலிருந்து வந்த சொல் அவர் காதிலேயே விழுந்துவிட்டது. முகம் சுருங்கிக் கறுத்தது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. நடுவீதியில், எல்லாரும் பார்க்க, அவர் அதைத் துடைக்கவும் இல்லை.

"இல்லப்பா. டிரைவர் ஒண்ணும் பண்ணல. ஆண்டிச்சாமி திருடல. அன்னிக்கும் திருடல. நாந்தான் பலகைய மாத்தச் சொன்னேன். நாந்தான் அவம் மேல பழியப் போட்டேன்."

பக்கத்துக் கடைகளில் பேச்சு நின்றது. பொம்மையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபப்படுவான் என்று சண்முகவள்ளி நினைத்தாள். அவனுக்குக் கோபம் வரவில்லை. இடுப்புத் துண்டை அவிழ்த்து மெதுவாக முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அவம் பொண்டாட்டி அன்னிக்குப் பிள்ளைக்குக் காது குத்தறேன்னு வெத்தலை பாக்கு வாங்க வந்துச்சுங்கய்யா. திருடன் வீட்டுக்குக் குடுக்க மாட்டேன், கடைப் படி ஏறாதேன்னு இந்த வாயாலதான் சொன்னேன். கைப்பிள்ளையோட நின்னுக்கிட்டே இருந்துச்சு. அதுக்கு நான் இப்ப என்னங்கய்யா பண்றது?"